வைஸ்ராய் சொன்னால் வேதவாக்கா?

(தென்னாப்பிரிக்காவின் டொங்காட் ஊர்க் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

2018 ஜனவரி 30, மத்தியானம். பேங்க் கார்டைக் கையில் பிடித்தபடி என் சித்தி வாசலில் நிற்கிறார். "கேபிடெக் பேங்க் மூழ்கப்போகுதாம்பா, வண்டிய எடு, பணத்த எடுத்துட்டு வந்துரலாம்." வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை எனக்கும் போட்டுக் காட்டினார். பேசியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. "வைஸ்ராயே சொல்லிவிட்டது" என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

வைஸ்ராய் என்பது கம்பெனிகளின் கணக்கைத் துருவி அறிக்கை வெளியிடும் ஓர் ஆய்வு நிறுவனம். அந்தப் பெயருக்கு அப்போது அவ்வளவு மவுசு. இரண்டு மாதம் முன்புதான் ஸ்டைன்ஹாஃப் என்ற பெரிய மரச்சாமான் கம்பெனி கவிழ்ந்திருந்தது. 2017 டிசம்பர் 5 அன்று கணக்கில் முறைகேடு என்று கம்பெனியே அறிவித்தது. தலைமை நிர்வாகி மார்கஸ் யூஸ்ட்டே விலகினார். மறுநாள் வைஸ்ராயின் அறிக்கை வந்தது. பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே போனது. அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்கும் அதில் பலத்த அடி.

சரி, கேபிடெக் விஷயத்துக்கு வருவோம். வைஸ்ராய் ஆட்கள் பங்கு விலை சரிந்தால் லாபம் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள். அதனாலேயே அவர்கள் சொல்வது பொய்யாகிவிடாது. ஆனால் கூடுதலாக ஒரு முறை பார்க்க வேண்டும். அன்றைக்கே நம் நாட்டு ரிசர்வ் வங்கி, கேபிடெக்கிடம் போதிய மூலதனமும் ரொக்கமும் இருக்கிறது என்று தன் பெயரிலேயே அறிக்கை விட்டது. சித்தியிடம் அதை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கார்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வங்கியும் மூழ்கவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஸ்டைன்ஹாஃப் விழுவதற்கு மூன்று மாதத்துக்கும் மேல் முன்பே ஒரு ஜெர்மன் பத்திரிகை, யூஸ்ட்டேயை ஓல்டன்பர்க் அரசு வழக்கறிஞர்கள் விசாரிக்கிறார்கள் என்று எழுதியது. கம்பெனி மறுத்தது. மறுப்பை நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தச் செய்தியில் ஒரு பிடி இருந்தது: எந்த ஊர், எந்த அலுவலகம் என்று அதிலேயே போட்டிருந்தது. கேட்டுப் பார்த்திருக்கலாம். நம் சித்திக்கு வந்த குரல் பதிவில் பிடித்துப் பார்க்க என்ன இருந்தது?

அப்புறம், நம் ஊர்ப் பெயரையே தாங்கிய சர்க்கரைக் கம்பெனி, டொங்காட் ஹியூலெட். நம் தாத்தா பாட்டிமார் கரும்பு வெட்டிய மண் இது. அதைப் பற்றிக் குறை எழுதினால் நமக்கு வலிக்கத்தான் செய்யும். "பேப்பர்காரனுக்கு வேற வேலையில்ல" என்று பக்கத்து வீட்டு அண்ணன் 2019-ல் தினமும் என்னோடு சண்டை போடுவார். மே மாதக் கடைசியில், 2018 கணக்கை நம்ப வேண்டாம் என்று கம்பெனியே பங்குச் சந்தைக்கு அறிவித்தது. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இது கம்பெனி எழுதினதா?" என்று கேட்டார். கீழே இருந்த பெயரைக் காட்டினேன்.