கவாத்துக் கத்தியும் கம்ப்யூட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். இலத்தீன் மொழியில் 'புத்தாரே' என்றொரு வினைச்சொல் உண்டு. நினைத்தல், கருதுதல் என்பதே அதன் பெருவழக்கான பொருள், ஆனால், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கேட்டோ, மரங்களையும் திராட்சைக் கொடிகளையும் கவாத்து செய்வதற்கு அதே வினையை வழங்குகிறார்.

திராட்சையோ தேயிலையோ பயிரிடும் நேயர்களுக்குக் கவாத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பட்ட குச்சிகளையும் வேண்டாத கிளைகளையும் கழித்து, பயன் தரும் கண்களை மட்டும் விட்டுவைக்கும் வேலை அது. அங்கிருந்து நினைப்புக்கு வந்த வழியை, கி.மு. 116இல் பிறந்த வர்ரோ என்னும் உரோமானிய அறிஞர் காட்டுகிறார். புத்தாரே என்றால் தூய்மையாக்குதல். மரத்தைத் தூய்மையாக்குவதால் கவாத்து செய்பவன் 'புத்தாத்தோர்'. கூட்டுத்தொகை சுத்தமாக வந்து நிற்பதால் கணக்குப் பார்ப்பதற்கும் அதே வினை என்பது அவர் கருத்து. பழங்காலச் சொற்பிறப்பு விளக்கங்களை நான் எளிதில் நம்புவதில்லை. அவற்றில் பல வெறும் ஒலி விளையாட்டு. இங்கே மட்டும், இக்கால மொழியியலாரிலும் ஒரு சாரார் வர்ரோவின் பக்கம் நின்று, நாம் வழங்கும் 'பவித்திரம்' என்ற வடசொல்லின் வேரோடு இதனை இணைக்கின்றனர்.

கணக்குப் பார்த்தல் மதிப்பிடுதலாகி, மதிப்பிடுதல் கருதுதலாயிற்று. நாளடைவில் 'கருதுகிறேன்' என்னும் பொருளுடைய 'புத்தோ', பேச்சினிடையே நாம் சேர்க்கும் 'போலும்' என்ற அளவுக்கு இலேசாகிவிட்டது. கி.பி. 79இல் காலமான பேரரசர் வெஸ்பாசியன், நோய் கண்ட தொடக்கத்திலேயே, 'ஐயோ, நான் தெய்வமாகிறேன் போலும்' என்றதாக உரோமானிய வரலாற்றாசிரியர் சுவத்தோனியஸ் எழுதுகிறார். மறைந்த பேரரசர்களைத் தெய்வங்களாக அறிவிக்கும் வழக்கம் உரோமில் இருந்தது என்பதை நினைவிற்கொண்டால்தான் அந்தக் குறும்பு விளங்கும். நான் 'போலும்' என்று சொன்ன இடத்தில் மூலத்தில் நிற்பது புத்தோ.

நேரம் நெருங்கிவிட்டதால், கிளைச்சொற்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். சேர்த்துக் கணக்கிடுவது 'கொம்புத்தாரே'. அதன் வழிவந்த கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலப் பெயர் முதலில் கணக்கிடும் மனிதரையே குறித்தது. சுற்றி வெட்டுவது 'அம்புத்தாரே'. கைகால்களை நீக்கும் அறுவைக்கு மருத்துவர்கள் வழங்கும் ஆம்புடேஷன் அதிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழியில் எண்ணுதல், கதை சொல்லுதல் ஆகிய இரண்டுக்கும் உரிய வினைகள் கொம்புத்தாரேயின் பிள்ளைகள். இத்தாலியத்தில் கவாத்து செய்வது இன்றும் 'பொத்தாரே'தான். வாதிடுதலைக் குறிக்கும் 'திஸ்புத்தாரே'க்கு இன்று நேரம் இடங்கொடுக்கவில்லை, வணக்கம்.