காலிப் பீப்பாய்தான் மழையைப் பிடிக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மழைநீர் பிடிக்கப் பீப்பாய் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், பிடித்த தண்ணீரை எதற்குச் செலவழிக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். பீப்பாய் நிரம்பினால் போதும், வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் நிரம்பி நிற்கும் பீப்பாய் அடுத்த மழையில் ஒரு சொட்டைக்கூடப் பிடிக்காது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். சாய்வான கூரை என்றால் சாய்வை அளக்கக் கூடாது. கூரைக்குக் கீழே தரையில் எவ்வளவு இடம் மூடப்பட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கூரை உறிஞ்சுவது, வெளியே தெறிப்பது, ஆவியாவது என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 800 லிட்டர் மிஞ்சும். பரவலாகக் கிடைக்கும் பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே குழாயில் இறங்கினால், மழை கால்வாசி பெய்வதற்குள் பீப்பாய் தளும்பிவிடும். மிச்சம் முக்கால்வாசி எங்கே போகும்?

அதனால்தான் பீப்பாயின் வாயைவிட வழிந்தோடும் குழாயைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். தண்ணீர் உள்ளே வரும் குழாய் எவ்வளவு அகலமோ, வழிந்து வெளியேறும் குழாயும் அவ்வளவு அகலமாக இருக்க வேண்டும். உள்ளே வருவதற்கு நான்கு அங்குலம், வெளியேற ஒரு அங்குலம் என்று வைத்தால், கனமழையில் தண்ணீர் மூடி வழியாகப் பொங்கிச் சுவரோரம் இறங்கும். அது நாள்பட அஸ்திவாரத்துக்குக் கெடுதல். வழியும் தண்ணீரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு மரத்தடிக்கோ உறிஞ்சுகுழிக்கோ கொண்டுபோய் விடுங்கள். முக்கால்வாசி மழை மண்ணுக்குள் இறங்கினால் அதுவும் சேமிப்புதான்.

பழைய பீப்பாய் மலிவு. அதில் தவறே இல்லை. ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். உணவுப் பொருள் வந்த பீப்பாய் நல்லது. பூச்சிமருந்து, அமிலம், எண்ணெய், பெயிண்ட் இருந்ததென்றால் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பிளாஸ்டிக் அவற்றை உள்வாங்கிக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும். வெளிச்சம் ஊடுருவாத அடர்நிறப் பீப்பாயாகப் பாருங்கள். வெளிர்நிறம்தான் கிடைத்தது என்றால் வெளியே கறுப்புப் பெயிண்ட் அடிக்கலாம், சாக்கு போட்டும் மூடலாம். வெயில் உள்ளே புகுந்தால் சில நாளிலேயே பாசி பிடித்துவிடும்.

எடையைப் பலர் நினைப்பதே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியானால் நிரம்பிய பீப்பாய் 200 கிலோவுக்கு மேல். இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்தினால், மண் நனைந்து இளகும்போது சாயும். பக்கத்தில் குழந்தை விளையாடுகிற வீட்டில் இது உயிர் போகிற விஷயம். மண்ணைக் கெட்டித்து, மட்டம் பார்த்து, அகலமான மேடை கட்டுங்கள். உயரம் ஒன்றரை அடி போதும். அடியில் வாளி நுழைய வேண்டும், அவ்வளவுதான். குழாயை அடிமட்டத்தில் பொருத்தாமல் நான்கு விரல் உயரத்தில் பொருத்தினால் வண்டல் கீழேயே தங்கிவிடும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்கு 0.1 பார் (bar என்னும் அழுத்த அலகு), அதாவது மிகக் குறைந்த அழுத்தம்தான் உண்டு. ஆகவே வேகமாகக் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாளியோ பூவாளியோ பிடித்துக்கொள்ளலாம்.

சரி, கூரைத் தூசிக்கு என்ன செய்வது? பறவை எச்சம், சருகு, புழுதி எல்லாம் மழையின் முதல் சில நிமிடங்களில்தான் கழுவப்பட்டு வரும். அந்த முதல் தண்ணீரைப் பீப்பாய்க்குள் விடக் கூடாது. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்று வைத்தால்கூட, நாம் சொன்ன கூரைக்கு 25 லிட்டரை ஒதுக்க வேண்டும். பீப்பாய்க்கு முன்னால் ஒரு கிளைக்குழாய் பிரித்து, அதன் முனையை மூடிவிட்டால் முதல் தண்ணீர் அங்கே போய் நிரம்பும். நிரம்பியபின் நல்ல தண்ணீர் பீப்பாய்க்குத் திரும்பும். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர் அளவில் பிடிக்கும். அந்த மூடியில் ஊசித்துளை ஒன்று போட்டுவைத்தால் மழை விட்டபின் அழுக்கு நீர் தானாகச் சொட்டி வடிந்துவிடும்.

இனி கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை தண்ணீர் இல்லாமல் பல மாதம் தாங்கும். திரும்ப நனைந்ததும் பொரிந்துவிடும். வெயில் காலத்தில் முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய்நார் பிரஷ்ஷோ வேறு எதுவோ வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். வாய்க்கும் வழிகுழாய் முனைக்கும் மிக நெருக்கமான வலை கட்டுங்கள். வழிகுழாயை மறப்பவர்களே அதிகம். கொசு அந்த வழியாகத்தான் நுழைகிறது. வலைக்கு மேலே பூட்டக்கூடிய மூடியும் கட்டாயம் இருக்கட்டும், குழந்தைகளுக்காக.

இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். பீப்பாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கிருமி இருக்கும். பழைய ஈயப் பெயிண்ட் அடித்த கூரை என்றால் கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. பச்சையாகச் சாப்பிடும் கீரையின் இலைமேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள். மற்றபடி செடிக்கும், கழிப்பறைக்கும், தரை துடைக்கவும், வண்டி கழுவவும் இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. உப்பு இல்லாததால் சோப்பு நன்றாக நுரைக்கும், கழுவிய கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியாது.

கழிப்பறைக்கு ஒரு முறை ஆறு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு பீப்பாய் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். தீரட்டும். வானம் மூட்டமாக இருக்கும்போது பீப்பாயில் பாதித் தண்ணீர் கிடந்தால், அதைத் தயங்காமல் செடிகளுக்குத் திறந்துவிடுங்கள். அப்படியும் போதவில்லை என்று தோன்றினால் இரண்டாவது பீப்பாயை முதலாவதன் பக்கத்தில் அதே மட்டத்தில் வைத்து, இரண்டையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே நிரம்பும், சேர்ந்தே இறங்கும். ஒரே குழாயைத் திறந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.