அம்மாவின் காலுக்குச் சரியாகப் பொருந்திய சாக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் இந்த மாதம் காலையில் தரையில் கால் வைக்கவே முடியவில்லை. அம்மாவுக்காகக் கையால் பின்னிய சாக்ஸ் இது. கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை.

போன வருஷம் பின்னியது இப்படி இல்லை. பாதத்தின் அகலமான இடத்தில் டேப் சுற்றினால் அம்மாவுக்கு 22 செ.மீ. என் பின்னலில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம். பெருக்கிப் பார்த்தால் 70 சொச்சம், நாலால் வகுபட 72 கண்ணி போட்டேன். செருப்புக்குள் மடிந்து மடிந்து அம்மாவின் சுண்டுவிரல் சிவந்துவிட்டது. அதைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது.

சாக்ஸ் காலைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இழுபட்டுப் பிடித்து நிற்கும். அதனால் 22இல் பத்தில் ஒரு பங்கைக் கழித்தேன். கிட்டத்தட்ட 20 செ.மீ., அதாவது 64 கண்ணி. மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னி அளந்துகொள்ளுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னினால் நிறையப் பேருக்குக் கை தளர்ந்து கணக்கு மாறிவிடும்.

நூல் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். நைலான் இல்லையென்றால் குதிகால் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். ஊசி 2.5 மி.மீ. மேல் விளிம்பு இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (புறக் கண்ணி) என்று மாறி மாறி. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, குதிகாலுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பாதிக் கண்ணியை, அதாவது 32ஐ மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாகப் பட்டை பின்ன வேண்டும். வழக்கமாக 32 வரிசை போதும். அம்மாவுக்குப் பாதத்தின் மேல்பக்கம் மேடாக இருக்கும் என்பதால் 36 வரிசை போட்டேன். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்தினால் ஓரத்தில் சங்கிலி மாதிரி வரும், இதோ தெரிகிறதா? குதிகாலைத் திருப்பியதும், அதாவது கண்ணிகளைக் குறைத்துக் கிண்ணம் மாதிரி வளைத்ததும், ஊசியில் 18 கண்ணி மிச்சம் இருக்கும். அந்தச் சங்கிலியிலிருந்து இருபுறமும் 18, 18 எடுத்தால், மேல்பக்க 32உடன் சேர்த்து 86. அப்புறம் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 64. இப்படிக் குறைப்பதில் பக்கவாட்டில் வரும் இந்த முக்கோணம்தான் மேட்டுக்கு இடம் கொடுக்கிறது. நாலு வரிசை கூட்டியதில் அம்மாவுக்குப் பாதத்தின் மேல்பக்கத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

நீளத்தில் காலைவிட ஒன்றரை செ.மீ. குறைத்தேன். பாதம் 24, சாக்ஸ் இருபத்திரண்டரை. அதில் கடைசி 5 செ.மீ. விரல் பகுதி.

இன்னொன்று, இரண்டு காலையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். அம்மாவின் இடது கால் அரை செ.மீ. நீளம். நேற்று ராத்திரி அதில் இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டு முடித்தேன். காலையிலிருந்து அம்மா கழற்றவே இல்லை.