மருமகளுக்கு மாற்று ஆள் யார்?

நடுவர் அவர்களே, நம் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

சந்தா கட்டி வந்தால், தன் வேலையைத் தானே செய்ய முடியாமல் போகும்போது பணமோ ஆளோ தருவது நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. அது குடும்பத்தின் பாரத்தைக் குறைக்கும் என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணித் தலைவரோ, "மருமகள் இருக்கும் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். தட்டியவர்களில் மருமகள்கள் எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன்.

அந்த மருமகளின் வேலையைத்தான் பார்ப்போமே. பக்கவாதம் வந்து படுத்துவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் வால் எலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. ஆக, ஊர் உறங்கும் நேரத்தில் அவர் மூன்று நான்கு தடவை எழுந்தாக வேண்டும். தனியாளாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நோயாளிக்குத் தோள் நழுவும், தூக்குகிறவருக்கு இடுப்பு போகும். பாசம் எவ்வளவு இருந்தாலும் வீட்டில் இரண்டாவது ஆள் முளைத்துவிட மாட்டார்.

நம் தென்னாப்பிரிக்காவில் இப்போது என்ன கிடைக்கிறது? முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு முழுநேரத் துணை தேவைப்பட்டால் 'கிராண்ட்-இன்-எய்ட்' என்ற கூடுதல் அரசு உதவித்தொகை உண்டு. 2025 ஏப்ரலில் அது மாதத்துக்கு 560 ராண்டாக இருந்தது. அதே ஆண்டு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட். அந்தக் கூலிக்கு ஆள் வைத்தால் எவ்வளவு நேரம் என்று வகுத்துப் பாருங்கள்: மாதத்துக்கு 19 மணி நேரம் சொச்சம், நாளைக்கு 40 நிமிடம்கூட இல்லை. குளிப்பாட்டி உடை மாற்றவே அது போதாது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பணம் கட்டும். வீட்டுக் கட்டிலருகே தினமும் நிற்கும் ஆளுக்குப் பொதுவாகக் கட்டாது.

"காசைக் கொடுத்தால் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு அம்மாவை மறந்துவிடுவார்கள்" என்றார் இரண்டாவது பேச்சாளர். நியாயமான பயம்தான். ஜப்பான் 2000-இல் தொடங்கிய திட்டத்தில் குடும்பத்துக்கு ரொக்கம் தருவதில்லை. வீட்டுக்கு ஆள் வருவார். அல்லது காலையில் வண்டி வந்து பாட்டியைப் பகல்நேர மையத்துக்குக் கூட்டிப்போய், அங்கேயே குளிக்க வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடும். 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள்; சேவைக்கட்டணத்தில் பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்குதான் கொடுக்கிறார்கள்.

ஜெர்மனி 1995 முதல் வேறு வழியில் போகிறது. ரொக்கமா, ஆளா என்று குடும்பமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தொகை ஒன்றல்ல: 2025 கணக்கில் பராமரிப்புத் தேவையின் மூன்றாம் நிலைக்கு ரொக்கம் என்றால் மாதம் 599 யூரோ, சேவை என்றால் 1,497 வரை. எனக்குப் பிடித்தது வேறொன்று. வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரமாவது, இரண்டு நாளாவது வீட்டில் பார்த்துக்கொள்கிறவர், வெளிவேலை வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் போகாதவரை, அவருடைய ஓய்வூதியக் கணக்கில் காப்பீடே சந்தா கட்டுகிறது. வேலையை விட்ட மருமகளின் முதுமைக்கும் அங்கே ஒரு வரவு விழுகிறது. வெறும் ரொக்கம் மட்டும் தந்தால் "காசுதான் வருகிறதே" என்று அவரை இன்னும் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இந்த இடத்தில் எதிரணியோடு ஒத்துப்போகிறேன்.

யாருக்கு உதவி தேவை என்று முடிவு செய்யும் மதிப்பீட்டில் ஏமாற்றம் வருகிறது என்றார்கள். உண்மை. சிங்கப்பூரின் பராமரிப்புக் காப்பீடான கேர்ஷீல்டு லைஃப், குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை, நடமாட்டம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்ற ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாதவருக்குத்தான் பணம் தரும். ஆனால் இந்தக் கணக்கில் தப்பிப்போகக்கூடியவர்கள் உண்டு: மறதிநோய்க்காரர் நடப்பார், சாப்பிடுவார், நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு போயும்விடுவார். மதிப்பிட வருகிறவர் முன்னால் நம் பெரியவர்கள் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நிமிர்ந்து உட்காருவதும் உண்டு. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்பீர்களா? இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, எதற்கு, எத்தனை நிமிடம் கைகொடுக்க வேண்டியிருந்தது, இரவில் எத்தனை தடவை. மதிப்பீட்டு நாளில் அந்த நோட்டை எடுத்து நீட்ட வேண்டியது மகனல்ல, இரவில் எழுந்த அந்த மருமகள்.

மணி அடித்துவிட்டீர்கள், அமர்கிறேன்.