மிளகாய் காய்ந்த முற்றம்

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழே ஒரு புதுச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். உள்ளே சின்னதாக ஒரு நடுமுற்றம், அதில் கூழாங்கல். அழகுதான். எனக்கு என்னவோ அதைப் பார்த்ததும் மூக்கில் மிளகாய் நெடி ஏறியது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் அம்மம்மாவின் வீடு நாற்சார் வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை. அங்கே முற்றம் அழகுக்கு வைத்ததல்ல. தோட்டத்தில் ஆய்ந்த மிளகாய் அங்கேதான் பாயில் காயும். மழை இருட்டினால் எந்தப் பக்கத்து விறாந்தைக்கும் நாலு எட்டில் பாயை இழுத்துவிடலாம். விறாந்தைக் கூரையின் வளைமரத்தில் வெங்காயப் பிடிகள் தொங்கும். முற்றத்தில் விழுந்த மழைத்தண்ணீர்கூட சுவருக்கடியில் ஒரு துவாரத்தால் வாழைக்குப் போய்விடும். கமக்காரன் கட்டிய வீடு என்பது அந்தத் துவாரத்தைப் பார்த்தாலே தெரியும்.

கூரைக்கு முதலில் பனையோலைதான். ஓடு வந்தது புகையிலைக் காசில். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலம் அது. ஒருமுறை கூரை பிரித்தபோது ஓடொன்றைத் திருப்பிப் பார்த்தேன்; பாசி படிந்த அடிப்பக்கத்தில் மங்களூர் என்று ஆங்கில எழுத்து. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர் 1865இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியவர்கள். புகையிலை போன அதே மேற்குக் கரையிலிருந்து எங்களுக்குக் கூரை வந்திருக்கிறது! அதைத் தாங்கிய வளைமரமும் சிலாகைச் சட்டமும் மட்டும் எங்கள் பனை.

சரி, கிணற்றடிக்கு வருவோம். ஆறில்லாத சுண்ணக்கல் நிலம். கிணற்றுக்கு மேலே ஏற்றம் போல ஆடும் நீண்ட மரம்தான் துலா; அதில் ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஒருவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து இறைப்பார். இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். தண்ணீர் இறைக்கும் மெஷின் வந்த பிறகு எங்கள் துலா அடுப்புக்குப் போனது. அம்மம்மா அதில் வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவார்.

ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனத்துக்குப் பெரிய இடம். எங்கள் வளவும் சீதனம் சீதனமாகத்தான் துண்டுபட்டது. அம்மாவுக்கு வந்தது 4 பரப்புக் காணி, கொழும்புக் கணக்கில் 40 பேர்ச். அந்தக் காணி உறுதிப் பத்திரம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. போன தைப்பொங்கலுக்குப் போனபோது வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அது எதால் ஓடியது என்று பக்கத்து வளவு மாமிதான் ஈர்க்குமாறால் கோடு கீறிக் காட்டினார்.