தரைக்கு அடியில் ஓர் ஆலிவ் செக்கு: இத்தாலியின் கல்லிப்போலி

[காட்சி: கல்லிப்போலி பழைய ஊரின் குறுகலான தெரு. கிரனாஃபெய் மாளிகையின் வாசல்]

வணக்கம். இத்தாலியின் தென்கோடியில், சலெந்தோ பகுதியில், கடலோரமாக இருக்கிறது கல்லிப்போலி. முதல் உலகப் போர் நடந்த துருக்கிக் கல்லிப்போலி வேறு. இங்கே பழைய ஊர் ஒரு குட்டித் தீவில் இருக்கிறது, பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

நாம் பார்க்கப் போவது இந்த மாளிகையை அல்ல, இதற்கு அடியில் பாறையைக் குடைந்து செய்த எண்ணெய் ஆலையை.

[காட்சி: கீழே இறங்கும் கல்படிகள்]

எண்ணெய் ஆட்ட எதற்குப் பாதாளம்? குளிர்தான் காரணம். ஆலிவ் அறுவடை அக்டோபர் வாக்கில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க நடக்கும். குளிர் ஏறினால் ஆலிவ் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும், பிழிந்தாலும் ஒழுங்காக வடியாது. நிலத்தடியில் அந்தத் தொல்லை இல்லை. போதாததற்கு விளக்குகளும், வேலையாட்களும், கோவேறு கழுதையும் சேர்ந்து அறையை வெதுவெதுப்பாகவே வைத்திருந்தார்கள்.

[காட்சி: உருளைக்கல், நெருக்கத்தில்]

இந்தக் கல்லைப் பாருங்கள். நம்மூர்ச் செக்கு மாடு மாதிரி, கண்ணைக் கட்டிய கழுதை இதைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். பழம் கொட்டையோடு சேர்ந்து கூழாகும். அதை நாரில் பின்னிய வட்டப் பைகளில் நிரப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அப்புறம் மரத் திருகை ஆட்கள் கூடித் தள்ளி இறுக்குவார்கள். எண்ணெயும் கறுப்புத் தண்ணீரும் கலந்து தொட்டியில் இறங்கும். எண்ணெய் மேலே மிதந்ததும் தட்டையான தட்டால் வழித்தெடுப்பார்கள்.

வேலையாட்கள் மாதக்கணக்கில் இங்கேயேதான் தங்கினார்கள். தொழுவத்தை ஒட்டியே படுக்கை. புகை, ஈரம், கூழின் புளித்த வாடை. இங்கே வருகிறவர்கள் இயந்திரத்தைவிட அந்தப் படுக்கும் இடத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும் என்பேன்.

[காட்சி: துறைமுகம்]

சரி, இந்த எண்ணெயில் சமைத்தார்களா? பெரும்பாலும் இல்லை. பழங்கள் நாள்கணக்கில் குவிந்து கிடந்து புளித்துப்போன பிறகுதான் ஆட்டினார்கள், அதனால் எண்ணெய் காரமும் புளிப்புமாக இருக்கும். இது விளக்குக்கான எண்ணெய். பாறைத் தொட்டிகளில் விட்டுக் கசடு தெளிந்ததும் கப்பலேறும். 18ஆம் நூற்றாண்டில் விளக்கு எரிக்கும் ஆலிவ் எண்ணெய் வியாபாரத்தில் ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று இது. லண்டன் வரைக்கும் சரக்கு போனது. எரிவாயு விளக்கும் மண்ணெண்ணெயும் வந்த பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

[காட்சி: ஊருக்கு வெளியே பட்டுப்போன ஆலிவ் மரங்கள்]

ஊரைத் தாண்டினால் மனசு கனத்துப்போகும். மரங்களைக் காயவைக்கும் சைலெல்லா என்ற பாக்டீரியாவை 2013இல் இத்தாலியில் முதன்முதலாகக் கண்டறிந்தது இந்தக் கல்லிப்போலி வட்டாரத்தில்தான். நூற்றாண்டுகள் நின்ற தோப்புகள் பட்டுப்போயின. இப்போது இந்த நோயை ஓரளவு தாங்கும் லெச்சினோ, ஃபவோலோசா ரகங்களை நட்டு வருகிறார்கள். ஆலையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கன்றுத் தோட்டங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.