கிரைசாவ் இப்ப யார் ஊரு? | சந்தேகங்களுக்கு விளக்கம்

போன வாரம் ஹிட்லரை எதிர்த்தவங்களைப் பத்திப் பேசும்போது ‘கிரைசாவ் வட்டம்’னு ஒரு ரகசியக் குழுவைச் சொன்னேன் இல்லையா? ஒரு நேயர் கேட்டிருக்கார்: “ஜெர்மனி மேப்புல அந்த ஊரையே காணோமே சார், அது இப்ப யார் ஊரு?” ரெண்டு நாளா இதே மண்டையில ஓடிட்டிருக்கு.

நேர் பதில் சின்னது. கீழ் சிலேசியாங்கற பகுதியில ஒரு குட்டி கிராமம். 1945 வரைக்கும் ஜெர்மனி, இப்ப போலந்து. பேரு க்ஷிஷோவா. எழுத்துக் கூட்டிப் படிச்சா நாக்கு சுளுக்கிக்கும். நானே நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டுதான் கேமரா முன்னாடி உட்கார்ந்தேன்.

நான் எப்பவும் சொல்றதுதான்: ஊர் நகராது, கோடுதான் நகரும். 1945-ல, போர்ல ஜெயிச்ச நாட்டுத் தலைவர்கள் ஜெர்மனியில போட்ஸ்டாம்ங்கற ஊர்ல உட்கார்ந்து, ஓடர்-நைஸ ஆறுகளுக்குக் கிழக்கே போலந்து நிர்வாகம்னு முடிவு பண்ணாங்க. ஜெர்மன்காரங்களை வெளியேத்தினாங்க. அந்தப் பக்கம் குடிவந்த போலந்துக்காரங்கள்ல நிறைய பேர், கிழக்கே தங்களோட ஊரை சோவியத்கிட்ட பறிகொடுத்தவங்க. பழைய சொந்தக்காரன் திரும்பி வந்துடுவானோன்னு பெட்டியைப் பிரிக்காமலே வருஷக்கணக்கா இருந்தவங்க உண்டு. ஒன்றுபட்ட ஜெர்மனி அந்தக் கோட்டுக்குக் கையெழுத்துப் போட்டது 1990 நவம்பர்லதான்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. அந்த ஊர்ல நடந்தது நமக்கு எப்படித் தெரிய வந்துச்சு?

கிரைசாவ்ல இருந்தது, பிரஷ்யாங்கற பழைய ஜெர்மன் அரசோட தளபதி மோல்ட்கே 1867-ல வாங்கின பண்ணை. அவர் சகோதரர் வழியில வந்தவர் ஹெல்முட் ஜேம்ஸ், வக்கீல். 1942-லயும் 43-லயும் மூணு தடவை நண்பர்களை அங்க கூட்டினார். அவங்கதான் கிரைசாவ் வட்டம். பெரிய மாளிகையில இல்ல, மேட்டு மேல அவர் குடும்பம் இருந்த சின்ன வீட்ல. ஹிட்லர் போனப்புறம் நாட்டை எப்படிக் கட்டறதுன்னு பேச்சு. “பேசத்தானே செஞ்சாங்க”ன்னு இளக்காரமா சொல்றவங்க இருக்காங்க. அந்தப் பேச்சுக்குத்தாங்க 1945 ஜனவரி 23-ல தூக்கு. வயசு 37.

1929-லேர்ந்து அவர் மனைவி ஃப்ரேயாவுக்கு எழுதின கடிதம் சுமார் 1,600. போர்க்காலத்துல எழுதினது மாட்டினா ரெண்டு பேர் உயிருக்கும் உலை. அந்தம்மா எங்க ஒளிச்சாங்க தெரியுமா? தேனீப் பெட்டிக்குள்ள! ஹிட்லரோட ரகசியப் போலீஸ் கெஸ்டபோக்காரன் பீரோவை உடைப்பான், தரைப் பலகையைப் பெயர்ப்பான். தேனீப் பெட்டிக்குள்ள கை விடுவானா? 1945 அக்டோபர்ல ரெண்டு பிள்ளைகளோட ஊரை விட்டாங்க. பண்ணை போச்சு, கடிதம் தப்பிச்சுது. நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு அந்தக் காகிதத்துலேர்ந்துதான்.

பெர்லின் சுவர் திறந்து மூணாம் நாள், 1989 நவம்பர் 12, அதே பண்ணை முற்றத்துல நடந்த கிறிஸ்தவப் பூசையில மேற்கு ஜெர்மன் சான்சலர் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் கட்டித் தழுவிக்கிட்டாங்க. இப்ப அங்க ரெண்டு நாட்டுப் பசங்களும் வந்து தங்கற இளைஞர் மையம் இருக்கு. ஃப்ரேயா 98 வயசு வரைக்கும் இருந்து அதைப் பார்த்துட்டுதான் போனாங்க.

மேப்புல தேடறவரே, அதே பேர்ல போலந்துல வேற ஊருங்களும் இருக்கு. ஷ்விட்னிட்சா நகரத்துப் பக்கத்துல இருக்கறதைப் பாருங்க.